முட்டிக்கு ஒன்றும் இல்லை

நவம்பர் 18, திங்கள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு வேலை கொடுத்தார். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன், எப்போதெல்லாம் ஒன்றுக்குப் போகிறேன் என்று தினமும் எழுத வேண்டுமாம். என் மகன் இத்ரீஸ் அவனுடைய செல்போன் கடையிலிருந்து ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து போட்டான். கொஞ்ச நாள் ஒழுங்காக எழுதினேன். குடித்தது, போனது, குடித்தது, போனது. ஒரு மனுசனின் நாளில் இது மட்டும்தானா நடக்கிறது? இனிமேல் எனக்குத் தோன்றுவதை எழுதப்போகிறேன். நர்ஸம்மா வந்து பார்க்கவா போகிறார்.

நான் உதுமான் மைதீன். மேலப்பாளையம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தெட்டு. ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்று இருந்தது. பரவுவதற்குள் கண்டுபிடித்துச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். தெருவில் கேட்டவர்களுக்கு ‘வயிற்றில் ஒரு ஆபரேஷன்’ என்று சொல்லியிருக்கிறோம். அந்த இடத்தின் பெயரைத் தெருவில் நின்று சொல்ல முடியுமா?

இன்றும் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. முட்டி வலி. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டேன். கைலிகளை நானே துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, அந்தி சாய்வதற்குள் இன்னொரு தடவை ஏறி இறங்கினேன். என் மனைவி சபுரா தான் துவைக்கிறேன் என்று வந்தாள். விடவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் போகவில்லை. தொழுகை முடிந்த கையோடு கஸ்ஸாலி வந்துவிட்டான். பஜாரில் பழக்கடை வைத்திருப்பவன். பள்ளிவாசலில் இரண்டாவது வரிசையில் எனக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, முப்பது வருசமாக நிற்கிறவன்.

“என்னலே, ஜும்ஆவையும் விட்டுட்ட?”

“முட்டிய மடக்க முடியல.”

“ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்ச முட்டி. அதுக்கு என்னலே வந்துச்சு?”

“அதான் தேஞ்சு போச்சு.”

நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு தடவை எங்கள் பாத்ரூமுக்குப் போய் வந்தான். “உடம்பு ஒரே சூடுலே, இடுப்பு வேற கடுக்குது” என்றான். சபுரா போட்ட டீயைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டியது. “ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?” என்று சபுரா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போனாள்.

நவம்பர் 25, திங்கள்

இருமல். சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 29, வெள்ளி

சபுரா எனக்குப் புதுக் கைலி எடுத்து வந்திருக்கிறாள். எல்லாம் கருநீலம். எனக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். எரிந்து விழுந்தேன்.

“கடையில வெள்ளை இல்லன்னுட்டாவ” என்றாள்.

மேலப்பாளையத்தில் வெள்ளைக் கைலி இல்லாத கடையா! வாதாடவில்லை. உடுத்திக்கொண்டேன். ஈரம் பட்டாலும் வெளியே தெரியாத நிறம் என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன். சாப்பிடும்போது இன்னொரு மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். இவளை எனக்குக் கொடுத்தவனுக்கு நன்றி.

டிசம்பர் 1, ஞாயிறு

கஸ்ஸாலி வேலையைக் காட்டிவிட்டான். முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்து தொழ வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே எனக்கென்று ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறானாம். பின்பக்கம் பெயின்டில் ‘உதுமான்’ என்று எழுதியும் வைத்திருக்கிறானாம். இத்ரீஸ் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

“கஸ்ஸாலி மாமாவுக்கு இருக்க அக்கறை எனக்கு இல்லாம போச்சே வாப்பா. செவ்வாக்கிழம பாளையங்கோட்டையில ஒரு பிசியோதெரபி அம்மாட்ட கூட்டிட்டுப் போறேன். முட்டிக்கு நல்லா பாப்பாவளாம்.”

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. முட்டி பாவம், அதன்மேல் எவ்வளவு பாரத்தைத்தான் ஏற்றுவது.

டிசம்பர் 3, செவ்வாய்

அந்த அம்மாவின் பெயர் ஹெப்சிபா. நாற்பது வயது இருக்கும். முட்டியை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், அமுக்கினார், தட்டினார், உட்கார்ந்து எழச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. பிறகு இத்ரீஸைப் பார்த்து, “தம்பி, கீழ மெடிக்கல்ல முட்டிக்குச் சுத்துற பேண்டேஜ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றார். அவன் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஐயா, இந்த முட்டி என் முட்டிய விட நல்லா இருக்கு. ஆனா எந்திரிக்கும்போது தொடைய இறுக்கி ஒட்டிக்கிடுதீய. இருமல் வந்தா காலைப் பின்னிக்கிடுதீய. ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஏதும் ஆச்சா?”

“முட்டிக்குத்தான் வந்தேன்.”

“சரி, முட்டிக்கே வாங்க. அடுத்த செவ்வாயும் வாங்க. நான் கேட்டது கேட்டபடி இருக்கட்டும்.”

இத்ரீஸ் பேண்டேஜோடு வந்தான். அந்த அம்மா என் நல்ல முட்டியில் அதை அழகாகச் சுற்றிவிட்டார். வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தனியாகப் போனேன். சொல்லிவிட்டேன்.

என் மகள் வயதுப் பெண்ணிடம், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆபரேஷனில் போட்ட மூத்திரக் குழாயை எடுத்த நாளிலிருந்து ஒழுகுகிறது. இருமினால், தும்மினால், எழுந்தால், படியேறினால். துணி வைத்துப் பார்க்கிறேன், நனைந்துவிடுகிறது. தொழுகைக்கு உடம்பும் உடையும் சுத்தமாக இருக்க வேண்டும். கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நின்றால், ஒரு சொட்டு வந்தாலே அந்த ஒளு முறிந்துவிடும். நான் எந்த முகத்தோடு பள்ளிவாசல் விரிப்பில் போய் நிற்பேன்? அதனால்தான் முட்டி. இந்த நோட்டில்கூட முட்டி என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். சிரிப்பாக இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை.

“வயசு ஏற ஏற ஆம்பளைங்களுக்கு அந்தச் சுரப்பி பெருசாகும் ஐயா. நெறைய பேருக்கு வர்றதுதான். சில பேருக்குக் கிருமி சேந்து வீங்கும். சில பேருக்கு உங்களுக்கு வந்த மாதிரி வரும். ஆனா எங்கிட்ட வர்றவங்க இடுப்பு வலின்னுதான் வருவாங்க, சூடுன்னு சொல்லுவாங்க. அதனால எந்தப் பெரியவரு வந்தாலும் ஒண்ணுக்குப் போறதப் பத்தி ஒரு கேள்வி கேட்டுருவேன். முறைப்பாங்க. பரவாயில்ல.”

சுரப்பியை எடுத்த பிறகு மூத்திரத்தைத் தடுத்து நிறுத்துகிற வேலையெல்லாம் அடியில் இருக்கிற தசைமேல் விழுந்துவிட்டதாம். அதற்குப் பலம் ஏற்ற வேண்டுமாம்.

“நாலு பேரு நடுவுல இருக்கும்போது காத்துப் பிரியாம அடக்குவீங்கள்ல? அந்த மாதிரி உள்ள இழுத்துப் பிடிங்க. வயித்த இறுக்கக் கூடாது. மூச்ச அடக்கக் கூடாது. பிடிச்சிட்டு, முழுசா தளத்திருங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காற்றுப் பிரிந்தாலும் ஒளு போய்விடும். அதை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற வித்தையை எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்! நோன்புக் கஞ்சியை வயிறு முட்டக் குடித்துவிட்டு இரவில் நீளமாகத் தராவீஹ் தொழுகிறவனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் அந்த அம்மாவும் சிரித்தார்.

“அப்ப பாதி வேலை முடிஞ்சுது. தண்ணி எவ்வளவு குடிக்கிறீய?”

மதியத்துக்கு மேல் குடிப்பதில்லை என்றேன். அதற்குத் திட்டு விழுந்தது. தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கடுத்து மூத்திரப் பையை உறுத்துமாம், இன்னும் அடிக்கடி வருமாம். டீயைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரை அல்ல.

திரும்பும்போது பஸ்ஸில் நொண்டாமல் ஏறினேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

எந்த அசைவில் அதிகம் ஒழுகுகிறது என்று கேட்டார். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து எழுந்து நிற்கும்போது என்றேன். செய்து காட்டச் சொன்னார். ஒரு பாயை விரித்து, ஓதாமல் வெறும் அசைவை மட்டும் காட்டினேன். அவர் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

“மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒரே எம்புல எந்திரிக்கிறீய. அப்ப வயித்து பாரம் பூரா கீழ இறங்குது. கண்டக்டரா இருந்தவரு நீங்க, விசில் கொடுக்காம வண்டிய எடுக்க விடுவீங்களா? முதல்ல கீழ இழுத்துப் பிடிங்க, அதான் விசிலு. பெறகு மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா எந்திரிங்க.”

விசில் கொடுத்தேன். எழுந்தேன். வந்தது, ஆனால் முன்னைவிடக் குறைவு.

“நோன்பு எப்ப வருது?”

“மார்ச் ஆரம்பத்துல.”

“அப்ப முதல் நாள் தராவீஹ்தான் நமக்குக் கணக்கு. பள்ளியில நிக்கிறீய” என்றார். நமக்கு என்று சொன்னார்.

ஜனவரி 4, சனி

பயிற்சி: படுத்துக்கொண்டு, உட்கார்ந்து, நின்றுகொண்டு. பல் விளக்கும்போதும் செய்கிறேன். சபுரா பார்த்துவிட்டு, “என்ன, முகம் ஒரு மாதிரி போகுது?” என்றாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் நறுக்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

தும்மல். பெரிய தும்மல். விசில் கொடுக்க மறந்துவிட்டேன். கைலி போச்சு.

ஜனவரி 19, ஞாயிறு

மனசு சரியில்லை. கஸ்ஸாலியோடு சண்டை.

காற்று வந்து காய்கிற துணியைத் தூக்கிப் போட்டதென்று மாடிக்கு ஓடினேன். இரண்டு இரண்டு படியாக. இறங்கி வந்தால் வாசலில் கஸ்ஸாலி, கையில் ஒரு பை கொய்யாப்பழம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

“முட்டி நல்லாத்தான இருக்கு.”

கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

“எம் பக்கத்துல நிக்கப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்லே. ஊர்க்காரன் பூரா கேக்கான், உதுமான் எங்க, உதுமான் எங்கன்னு. முட்டி வலி முட்டி வலின்னு நான்லாம் சொல்லிட்டு அலையுதேன். நாக்காலி வாங்கிப் போட்டேன் பாரு, எம் புத்திய...”

கொய்யாப்பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனான். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். கூப்பிட நினைத்தேன். என்னவென்று கூப்பிடுவது? சொல்ல வேண்டிய வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டுக்குள் ஒரு சொட்டும் இல்லை. இன்று கிளினிக்கில் ஸஜ்தாவிலிருந்து எழுந்தபோது மட்டும் கொஞ்சம். நோன்புக்குள் முழுக்க நின்றுவிடுமா என்று கேட்டேன்.

ஹெப்சிபா அம்மா பூசி மெழுகவில்லை. “நல்லா முன்னேறிட்டீய. ஆனா முழுசா நிக்கச் சில பேருக்கு ஒரு வருசம் ஆகும் ஐயா. தராவீஹ்ல ஒரு சொட்டும் வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

அப்படியானால் நான் எப்படிப் போவது? இவ்வளவு பாடுபட்டும் ஒரு சொட்டில் வந்து நிற்கிறது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பள்ளி இமாம், வயதில் சின்னவர்.

“ஹஜ்ரத், ஒரு ஆளு. எனக்குத் தெரிஞ்ச ஆளு. ஆபரேஷனுக்குப் பெறகு மூத்திரம் சொட்டுது. அவரு பள்ளிக்கு வரலாமா?”

அவர் என்னைப் பார்க்காமல் குர்ஆன் அலமாரியை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“தாராளமா வரலாம். நிக்காம சொட்டுறவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்கு. சுத்தம் பண்ணிட்டு, விரிப்புல படாம துணியோ பேடோ வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதுசா ஒளு செஞ்சுட்டு வந்து நிக்கச் சொல்லுங்க. நடுவுல சொட்டினாலும் தொழுகை கூடும்.”

“விட்டுட்டுப் போக வேண்டாமா?”

“போக வேண்டாம். அந்த ஆளுகிட்ட ஒண்ணு சொல்லுங்க, அவர் இடம் காலியா இருக்கிறத நாங்க தினமும் பாக்கோம்.”

வெளியே வந்து செருப்பை மாட்டினேன். கால் சரியாக நுழையவில்லை, கண் மறைத்தது. ஒரு கேள்வி. முதல் நாளே வந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வெட்கத்தில் நானே எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, அதற்குக் கட்டுப்பட்டு வீட்டுக்குள் கிடந்திருக்கிறேன். அந்த அம்மாவையும் இந்த ஹஜ்ரத்தையும் அல்லாஹ் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்துவிட்டது. இன்றிரவு முதல் தராவீஹ், அந்த அம்மா வைத்த கணக்கு. கருநீலக் கைலி. உள்ளே பேட். புது ஒளு. போகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு. முதல் நோன்பு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்ரீஸ் காலையில் இந்த நோட்டைக் கொண்டுவந்தான். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்று இரண்டாவது வரிசையில் கஸ்ஸாலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். இரவு இஷா தொழுகையில் ஒவ்வொரு தடவையும் விசில் கொடுத்து எழுந்தேன். தராவீஹ் தொடங்கி இரண்டாவது தடவை எழும்போது ஒரு சொட்டு வந்தது. வந்தால் வரட்டும் என்று நின்றேன். நின்றுவிட்டேன்! எவ்வளவு நாளைக்குப் பிறகு இத்தனை தோள்களுக்கு நடுவில். யா அல்லாஹ் என்று மனசு நிறைந்துபோனது.

அந்தத் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பக்கத்தில் கஸ்ஸாலி இல்லை. அடுத்ததற்கும் வரவில்லை. அவன் முகம் இஷாவிலேயே வேர்த்திருந்தது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுப் பாத்ரூம், தொடாத டீ, சூடு, இடுப்பு எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. இமாம் அடுத்த தொழுகைக்குத் தக்பீர் கட்டப்போகிறார். இந்தத் தொழுகைக்காகத்தான் இத்தனை மாதம் பாடுபட்டேன். ஒரு நொடி நின்றேன். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அடிவயிறு கல்லாக இருந்தது.

“சூடுலே. மத்தியானத்துலேருந்து வரவே மாட்டேங்குது. முட்டிக்கிட்டு நிக்கி. நீ போ, தொழு.”

“சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ப்ராஸ்டேட்டுலே. வா.”

ஆட்டோவில் அவன் வலியில் என் கையைப் பிடித்து நெரித்தான். அப்போது சொன்னேன். இரைச்சலில் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஆட்டோக்காரருக்கும் கேட்டிருக்கும்.

“கஸ்ஸாலி, எனக்கு முட்டி வலி இல்லலே. வயித்துலயும் ஆபரேஷன் இல்ல. அந்தச் சுரப்பியத்தான் எடுத்தாங்க. அதுலேருந்து ஒழுகுது. இப்பவும் ஒழுகுது. உம் பக்கத்துல நிக்கப் பிடிக்காமயாலே வராம இருந்தேன்? வெக்கம்லே, வெக்கம்!”

அவன் வலியோடு என்னைப் பார்த்தான். “கிறுக்குப் பயலே. எனக்கு வரமாட்டேங்குது, உனக்கு நிக்கமாட்டேங்குது. ரெண்டு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் மறைச்சிருக்கோம்” என்றான்.

ஆஸ்பத்திரியில் மூத்திரக் குழாய் போட்டதும் பை நிறைந்தது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. சுரப்பி பெருத்து வழியை அடைத்திருக்கிறது, மற்ற பரிசோதனைகளும் செய்ய வேண்டும், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இடுப்பு வலியையும் சொல்லுலே என்று அதட்டினேன், சொன்னான். ஹெப்சிபா அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வி என் காதில் கிடந்ததால்தான் எனக்கு இவ்வளவும் தெரிந்தது. அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

கஸ்ஸாலியின் வீட்டில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துணைக்கு நான் இருந்துகொண்டேன். விடியும் நேரம் பக்கத்துப் பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது. அவன் கட்டிலோரம் தொங்கிய பையைப் பார்த்தான்.

“இத மாட்டிக்கிட்டு எப்படிலே தொழ?”

ஹஜ்ரத் சொன்னதைச் சொன்னேன். கைகளை நீட்டினான். மக்கில் தண்ணீர் கொண்டுவந்து அவனுக்கு ஒளு செய்துவிட்டு, நானும் செய்துகொண்டேன். கட்டிலை ஒட்டித் துண்டை விரித்தேன். அவன் உட்கார்ந்தபடியே என் பக்கமாக நகர்ந்துகொண்டான்.

“யாரு தொழ வைக்க?”

“நான்தான்.”

“ஒழுகுறவன் இமாமு, பை மாட்டுனவன் ஜமாஅத்தா?” என்று சிரித்தான். குழாய் இழுத்து வலித்திருக்கும், “சிரிக்க வைக்காதலே” என்று என்னையே திட்டினான்.

கை கட்டினேன். ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதி முடித்தேன். என் தோளுக்குப் பக்கத்திலிருந்து “ஆமீன்” என்று அவன் குரல் வந்தது. ஆபரேஷனிலிருந்து நேற்றுவரை ஒவ்வொரு தொழுகையிலும் வீட்டுச் சுவரைப் பார்த்து அதை நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.